இன்றைய நிகழ்ச்சிகளில் சிறு மாற்றம்

கேமராவுக்குத் தெரிவது என் இடுப்புக்கு மேலே மட்டும்.
நீலப் பட்டுச் சட்டை, ஒற்றைவட முத்துமாலை,
தேசத்தின் முதல் அலைவரிசைக்கு ஏற்ற புன்னகை.
மேசைக்கு அடியில்
அண்ணனின் கம்பளிக் கால்சட்டை,
ரொட்டி வரிசையில் அப்பிய சேறு
இன்னும் காயாத பூட்ஸ்.

'நல்வரவு. இன்றைய நிகழ்ச்சிகள்' என்கிறேன்,
வார்த்தையோடு புகையும் வருகிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசு, என்று
விளக்குக்கார நுக்ஸார் சைகை காட்டுகிறார்.
நாட்டுக்கே குளிர்தான்,
அதைத் திரையில் காட்டக் கூடாது, அவ்வளவே.

வெளியே திபிலிசி கருகிய திரிபோல் கிடக்கிறது.
எந்தப் பேட்டைக்கு எப்போது மின்சாரம் வரும் என்பது
மின்சாரத்துக்கே தெரியாது.
எங்களிடம் இருப்பது ஒரு ஜெனரேட்டரும்
இரவு பதினொன்று வரைக்குமான டீசலும்.

காலையில் உடற்பயிற்சி. பழைய நாடா.
கையில்லாச் சட்டையில் ஒருத்தி வெயிலில் குதிக்கிறாள்.
பிறகு தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அரை மணி நேரம்
(அந்தத் தோட்டத்துக்குப் போகும் சாலையில்
இப்போது துப்பாக்கிக்காரர்கள்தான் சோதனைச் சாவடி).
நண்பகலில் ஐந்து ஆண்கள் பாடுகிறார்கள்.
அடிக்குரலுக்குச் சொந்தக்காரர்
எங்கள் வாசலில் சிகரெட் விற்கிறார்,
உதிரியாக. ஒன்று, இரண்டு.
தன் பாட்டு ஒளிபரப்பாவதை
காவலாளி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்.

வானிலை.
கடலோர நகரத்தின் தொலைபேசியை
செப்டம்பரிலிருந்து யாரும் எடுப்பதில்லை.
வரைபடத்தில் அந்த இடத்துக்கு
நாங்களே ஓர் எண் போடுகிறோம்: பதினான்கு.
அங்கே குளிரக் கூடாது
என்பது படம் ஒட்டும் தேயாவின் முடிவு.
அவள் அக்கா அங்கே இருக்கிறாள்.
அல்லது இருந்தாள்.
யாரும் திருத்துவதில்லை.

இரவில், கடல் தாண்டி வந்த தொடரின் நாற்பத்தோராம் பகுதி.
மருந்துக்கடைக்காரி லெயோகாதியாவுக்குக்
கடிதம் ஒன்று வருகிறது.
உறையைக் கிழிக்கிறாள்
ஜெனரேட்டர் இருமுகிறது
நின்றுவிடுகிறது.
பதினொன்றாக இன்னும் இருபது நிமிடம் இருக்கையில்
தேசிய அலைவரிசை ஒரு புள்ளியாகச் சுருங்கி
அணைகிறது.

வீடு எட்டாவது மாடியில். லிஃப்ட் செத்து வருஷமாகிறது.
படியேறும் என் பூட்ஸ் சத்தம்
மாடிக்கு ஒரு கதவைத் திறக்கிறது,
கதவுக்கு ஒரு மெழுகுவத்தி.
'கடிதத்தில் என்ன இருந்தது?'
மூன்றாம் மாடி குலிகோவின் பேட்டரிப் பெட்டியில்
உறையின் ஓரம் வரைக்கும் தெரிந்ததாம்.
அவள் மகன் போருக்குப் போய்ப் பதினைந்து மாதம்.
வாய் என் அனுமதியைக் கேட்கவில்லை:
'மகன் எழுதியது. பிழைத்திருக்கிறான். வருகிறான்.'
குலிகோ கதவை மெல்லச் சாத்தினாள்.

ஆறாம் மாடியில் ஸாவ்ர்,
மனைவி கிரீஸில் யாருக்கோ பாத்திரம் துலக்குகிறாள்.
'புருஷனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறாள்,
கூடவே ஒரு போட்டோ' என்றேன்.
'போட்டோவில் சிரிக்கிறாளா?'
'கொஞ்சம்.'

மறுநாள் ரொட்டி வரிசையில்
இரண்டு கடிதங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன.
மகனா மனைவியா என்று
விடியாத தெருவில் கைகலப்புக்கே போயிற்று.
பேக்கரிக்காரி துண்டை உதறிச் சொன்னாள்,
ஒரே உறையில் இரண்டு காகிதம் இருக்கக் கூடாதா?
அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு
அவரவர் ரொட்டியை அவரவர் கோட்டுக்குள்
சூட்டோடு ஒளித்துக்கொண்டார்கள்.

அன்றிரவு டீசல் வந்தது. பேட்டைக்கு விளக்கும் வந்தது.
ஒளிபரப்பு ஒழுங்காக நடந்தது, கடைசி வரை.
கடிதம் நகராட்சி அனுப்பியது.
கடைக்கு வரி பாக்கியாம்.

படியேறினேன். குலிகோ கதவருகே நின்றிருந்தாள்.
'பார்த்தேன்' என்றாள்.
'டெலிவிஷனில் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டார்கள்.
நாளைக்கு நீ அறிவிக்கும்போது
சரிசெய்துவிடு.'

காலையில் நுக்ஸார் விளக்கைப் போட்டார்.
மாலையைச் சரிசெய்துகொண்டு
மூச்சைப் பிடித்தேன்.